இரை, தீனி, தீற்ற: எல்லைப்புற மீன்குளங்களின் ஒரு சொல் வரலாறு

கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் கால்நடைத் தீவனம் விற்கும் கடையொன்றின் முகப்பில் ஒரே சரக்கின் பெயர் இரண்டு மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. மலையாளத்தில் 'மீன் தீற்ற'. அதன் கீழே தமிழில் 'மீன் தீவனம்'. என் ஆய்வு மீனைப் பற்றியதன்று. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்கு விளிம்பில் வாழும் தமிழர்களின் தொழிற்சொற்களைத் தொகுப்பதே என் பணி. ஆயினும் அந்தப் பலகை என்னை ஓராண்டுக் காலமாக விடவில்லை. மொழியியல் மாணவர்களுக்கும் வரலாற்று மாணவர்களுக்கும் ஒருசேரப் பயன்படக்கூடும் என்பதால் இதுவரை திரட்டியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பதிவு நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

முதலில் சொற்கள். 'தீற்ற' என்பது தமிழுக்கு அயலான சொல் அன்று. 'தின்' என்னும் வினையின் பிறவினை 'தீற்று'. தின்னச் செய்தல், கையால் ஊட்டுதல் என்பது அதன் பொருள். பழந்தமிழில் அந்தப் பொருளில் வழங்கிய அச்சொல்லை இன்றைய எழுத்துத் தமிழில் நாம் சுவருக்குச் சாந்து பூசுவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறோம். மலையாளமோ அதைத் தொழுவத்திலும் கோழிக்கூண்டிலும் குளக்கரையிலும் உயிரோடு வைத்திருக்கிறது. தமிழ் இந்த இடத்தில் வேறு வழியில் சென்றது. உண்ணும் உயிர் எதுவோ அதற்கேற்ப உணவின் பெயர் மாறும். மனிதருக்குச் சோறு, மாட்டுக்குத் தீனி அல்லது தீவனம், பாம்புக்கும் பருந்துக்கும் இரை. மீனுக்கு? மீனுக்கும் இரைதான். தூண்டில் முள்ளில் கோப்பதும் இரை. நீருக்குள் மீன் தானாகத் தேடித் தின்பதும் இரை.

இரைக்கும் தீற்றக்கும் இடையில் இலக்கண வேறுபாட்டினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. இரை, உண்பவர் தேடுவது. தீற்ற, ஒருவர் மற்றொருவருக்குக் கொடுப்பது. மீனுக்குத் 'தீவனம்' என்ற சொல் வந்து சேர்ந்ததற்கு ஒரு காலம் இருக்க வேண்டும். அதற்கு முன்பு மீனுக்கு எவரும் எதையும் கொடுக்கவில்லை என்று ஆகிறது. கோயில் குளத்து மீனுக்குப் பொரி இடுகிறோமே என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்த மீனை யாரும் பிடிப்பதில்லை. அது புண்ணியக் கணக்கு. இங்கே பேசுவது உற்பத்திக் கணக்கு.

அந்தப் பழைய உற்பத்திக் கணக்கு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சொல்லே சான்றாக நிற்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'மீன்பாட்டம்', 'பாசிப்பாட்டம்' என்னும் வருவாய்ப் பெயர்கள் வருகின்றன. நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்டவை அவை. இன்றும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏரி மீனை ஏலம் விடுவதற்கு 'மீன்பாசிக் குத்தகை' என்றே பெயர். குத்தகைக்காரர் எடுக்கப்போவது மீனை, பாசியை அல்ல. பின் ஏன் பாசியின் பெயர்? நீரில் தானாக விளையும் பச்சையும், அதைத் தின்று வளரும் மீனும் ஒரே விளைச்சலின் இரு முனைகள் என்று அந்தச் சொல்லை ஆக்கியவர்கள் கருதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அறிவியல் நோக்கிலும் அது பிழையன்று. கோடையில் ஏரி வற்றும்போது அதன் உட்பரப்பில் மாடுகள் மேய்கின்றன. சாணம் அங்கேயே தங்குகிறது. முதல் மழையில் நீர் ஏறும்போது சாணமும் புல்லும் அழுகி நுண்பாசி பெருகுகிறது. நுண்பாசியை நீர்ப்பூச்சிகளும் மிதவை உயிரிகளும் தின்ன, அவற்றைக் கெண்டை தின்ன, கெண்டையை விரால் தின்னும். சித்தூர் வட்டத்தின் மழைமறைவுப் பகுதியில் ஏரி வற்றினால் மாடு மேயும், நிறைந்தால் மீன் மேயும். 'மீன் மேயுது' என்று எல்லைப்புறத் தமிழில் இன்றும் இயல்பாகச் சொல்கிறார்கள்.

மீனுக்கு வேலை வைத்து ஊட்டிய முதல் வரலாறு இப்பகுதியில் சமவெளியில் தொடங்கவில்லை. மலையில், வேடிக்கைக்காகத் தொடங்கியது. தோட்டத் துரைமார் தங்கள் ஊர் ஓடைகளில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள். நீலகிரியில் டிரௌட் மீனைக் குடியேற்ற 1860-களிலேயே முயன்றார் பிரான்சிஸ் டே. இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதிய அதே மருத்துவர்தான். அம்முயற்சி கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச். சி. வில்சனின் பொறுப்பில் அவலாஞ்சிப் பொரிப்பகம் எழுந்த பிறகே வானவில் டிரௌட் அங்கு நிலைத்தது. மூணாற்றின் உயர்மலைகளிலும் தோட்டக்காரர்கள் அதே மீனை ஓடைகளில் விட்டனர். தங்களுக்கெனத் தூண்டில் சங்கம் அமைத்தனர். இரவிகுளம் மேட்டுநிலத்தின் அடியில் ராஜமலையில் பொரிப்பகம் கட்டினர். குளிர்ந்த, தெளிந்த, உப்புச்சத்துக் குறைந்த மலைநீரில் பூச்சிகள் குறைவு. ஓடையில் விடும் வரையிலாவது குஞ்சுக்கு யாராவது ஊட்டியாக வேண்டும்.

எதை ஊட்டினார்கள்? அக்காலத்தில் உலகெங்கும் டிரௌட் பொரிப்பகங்களின் அடிப்படை உணவு ஈரல். மாட்டீரலை மசித்து, வடிகட்டி, குஞ்சுகளுக்குச் சிறிது சிறிதாக இட்டார்கள். 'தீற்று' என்பதன் பழம்பொருள் இந்த வேலைக்கு அச்சாகப் பொருந்தும். ஈரல் விலை கூடியது. அது எளிதில் கெட்டும் போனது. அதனால் உலர்ந்த உணவால் மீனை வளர்க்க முடியுமா என்று அமெரிக்காவில் ஆராயத் தொடங்கினர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளைவ் மெக்கே 1920-களின் இறுதியில் கண்டது இதுதான்: புரதமும் கொழுப்பும் சரியாக இருந்தாலும், உலர்ந்த உணவை மட்டும் தின்ற டிரௌட் சில வாரங்களில் வளர்ச்சி நின்று மடிந்தது; சிறிது பச்சை ஈரலைச் சேர்த்ததும் பிழைத்தது. ஈரலில் இருந்த அந்தப் பெயர் தெரியாத பொருளுக்கு 'எச் காரணி' என்று பெயரிட்டார். பின்னாளில் உயிர்ச்சத்துகள் ஒவ்வொன்றாக இனங்காணப்பட்டன. 1957-இல் ஜான் ஹால்வர், சால்மன் குஞ்சுக்குத் தேவையான நீரில் கரையும் உயிர்ச்சத்துகளைச் சோதனை உணவுகளின் வழியே வரையறுத்தார். இன்று கொழிஞ்சாம்பாறைக் கடையில் விற்கும் ஒவ்வொரு மூட்டையின் பின்னாலும் அந்த மலைமீனின் ஈரல் பசி இருக்கிறது.

இதை எழுதும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டு. தேயிலைத் தோட்டத்தின் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களின் உணவைப் பற்றி நாம் அறிய அளந்து கொடுக்கப்பட்ட அரிசிக் கணக்குகளையே புரட்ட வேண்டியிருக்கிறது. துரைமாரின் மீனுக்கோ உணவு அறிவியலே பிறந்தது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஆவணம் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்பதும் வரலாற்றின் பகுதி.

அதே ஆண்டுகளில் மேற்கே கடற்கரையில் வேறொரு கதை நடந்தது. பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி அரசிலும், தேவிகுளம் திருவிதாங்கூரிலும் இருந்தன. இன்று ஒரே எல்லைக்கோடாகத் தெரிவது அன்று மூன்று ஆட்சிகளின் ஓரம். சென்னை மாகாணத்தில் 1907-இல் மீன்வளப் பிரிவை நிறுவிய பிரடெரிக் நிக்கல்சனின் கவனத்தை ஈர்த்தது மலபார்க் கரையின் மத்தி மீன். பருவத்தில் அது மலையாகக் குவியும். தின்ன ஆள் போதாது. மணலில் காயவைத்து உரமாக்குவார்கள். அதை அண்டாக்களில் வேகவைத்துப் பிழிந்து எண்ணெயைத் தனியாகவும் சக்கையைத் தனியாகவும் எடுக்கும் எளிய முறையை அவர் கரையோர மக்களிடையே பரப்பினார். சில ஆண்டுகளில் இத்தகைய சிறு ஆலைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. சக்கை 'குவானோ' என்ற பெயரில் தோட்டப் பயிர்களுக்கு உரமாயிற்று. ஒரு வகையில் அன்றே கடல் மீன் மலையேறிவிட்டது. ஆனால் செடிக்கு உரமாக, மீனுக்கு உணவாக அல்ல. அந்தச் சக்கையைச் சுத்தமாகக் காயவைத்து அரைத்தால் அதுவே மீன்தூள். செய்முறையில் பெரிய மாற்றம் இல்லை, வாங்குபவர்தான் மாறினார்.

இனி அணைகளின் காலம். 1955-இல் மலம்புழா அணை திறக்கப்பட்டது. மறு ஆண்டு கேரளம் பிறந்தது. 1960-களில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் அணைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. பரம்பிக்குளம், தூணக்கடவு அணைகள் கேரள மண்ணில் நிற்க, இயக்குவது தமிழ்நாடு. திடீரென்று பெரும்பரப்பில் நீர். அதில் மீன் வேண்டும். ஆனால் அவ்வளவு நீருக்கு ஊட்ட யாராலும் முடியாது. ஊட்டத் தேவையில்லாத மீன் ஒன்று தேவைப்பட்டது. 1952-இல் இந்தியாவுக்குள் வந்த மொசாம்பிக் திலாப்பியா அந்த இடத்தில் பொருந்தியது. பாசி, அழுகல், பூச்சி, சமையற்கழிவு, எதுவானாலும் தின்னும். தாய்மீன் முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும். ஆகவே பெருக்கத்திற்குப் பொரிப்பகமும் வேண்டாம். ஏழைகளின் புரதம் என்று வரவேற்கப்பட்ட அது, சில ஆண்டுகளிலேயே குளம் முழுவதும் குட்டைமீனாக நிறைந்து, உள்நாட்டுக் கெண்டைகளின் இரையைப் பறிக்கும் தொல்லையாகப் பார்க்கப்பட்டது.

அதன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர என் மனம் ஒப்பவில்லை. 'திலாப்பியா' என்பது தென்னாப்பிரிக்காவின் த்சுவானா மொழியில் மீனைக் குறிக்கும் பொதுச்சொல்லை இலத்தீன் வடிவில் வார்த்து 1840-இல் ஆண்ட்ரூ ஸ்மித் இட்ட பெயர் என்பர். தமிழ்நாட்டுச் சந்தைக்கு வந்ததும் அது 'ஜிலேபி' ஆயிற்று. விளங்காத ஒலியை விளங்கும் சொல்லாக மாற்றிக்கொள்ளும் மக்கள் சொற்பிறப்பியலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை வகுப்பில் நான் கண்டதில்லை. 'ஜிலேபிக் கெண்டை' என்பதில் ஆப்பிரிக்கச் சொல் ஒன்று இனிப்பாகி, பின்னர் கெண்டையாகவும் ஆகிவிட்டது.

மீன் வளர்ப்பு உண்மையில் தொழிலானது வேறொரு வாயிலில். ஆற்றுக் கெண்டைகளான கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய குளத்தில் முட்டையிடுவதில்லை. வெள்ளக்காலத்தில் வட இந்திய ஆறுகளில் குஞ்சுகளை வாரி எடுத்தே குளங்களுக்குக் கொண்டுவர வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி மீனின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகச் செலுத்திக் கெண்டையை முட்டையிடச் செய்தார். அவருடன் இப்பணியில் தோள் கொடுத்தவர் கேரளத்தவரான கே. எச். அலிக்குஞ்ஞு. (ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுவது இதனால்தான்.) குஞ்சு கிடைத்தது. மேல்நீரில் மிதவை உயிரிகளைத் தின்னும் கட்லா, நடுநீரில் ரோகு, அடிமண்ணைக் கிளறும் மிர்கால் என ஒரே குளத்தின் மூன்று அடுக்குகளும் நிரப்பப்பட்டன. பின்னர் சீன இனங்களும் சேர்ந்தன. இதற்குக் கூட்டுமீன் வளர்ப்பு என்று பெயர்.

மூன்று அடுக்கையும் நிரப்பியபின் குளத்தின் சொந்த விளைச்சல் போதாது. அங்கேதான் 'தீவனம்' மீனுக்கு வந்தது. தொழுவத்திலிருந்து, சொல்லோடும் பொருளோடும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சரிபாதி என்பது விரிவாக்கப் பணியாளர்கள் நாடெங்கும் சொன்ன வாய்பாடு. பாலக்காட்டில் அரிசி ஆலைகள் இருந்தன. கிழக்கே சித்தூரின் கரிசல் புலங்களில் நிலக்கடலை விளைந்தது. கேரளத்தில் இவ்வாய்பாட்டுக்கு இவ்வளவு பொருத்தமான இடம் வேறில்லை. 'தவிடு', 'பிண்ணாக்கு' இரண்டும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சொற்கள். எல்லைப்புறத்தில் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. சாணத்தை ஊறவைத்துக் குளத்தில் விடுவதும் தொடர்ந்தது. அதாவது நீருக்கும் ஊட்டினார்கள், மீனுக்கும் ஊட்டினார்கள்.

மாட்டுக்கும் மீனுக்கும் இடையில் போட்டி அன்று தொடங்கியது. எருத்தேன்பதி அருகே பசு வளர்க்கும் மூதாட்டி ஒருவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மாட்டுக்குத் தவுடு வெச்சா பாலு தருது, சாணி தருது. இந்த மீனுக்கு வெச்சா தண்ணிய மாத்து, தண்ணிய மாத்துன்னுதான் சொல்லுது கண்ணு." சிரிக்க வைத்தாலும் இது உயிர்வேதியியல். மீன் தின்ற புரதத்தின் நைட்ரஜனில் பெரும்பகுதி செவுள் வழியே அம்மோனியாவாக நீரிலேயே வெளியேறுகிறது. மாட்டின் கழிவு வயலுக்குப் போகும். மீனின் கழிவு அதன் வீட்டிலேயே தங்கும்.

பிண்ணாக்கின் வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டமாக மடிந்தன. காரணம் அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு. அதுவே அஃப்ளாடாக்சின். ஏறத்தாழ அதே நேரத்தில் அமெரிக்கப் பொரிப்பகங்களில் வானவில் டிரௌட்டுகளுக்கு ஈரல் புற்றுநோய் பரவியிருந்தது. அங்கே குற்றவாளி அதே நஞ்சேறிய பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு. ஈரலை விலக்கிவிட்டுப் பிண்ணாக்கைக் கொடுத்ததும் மீனின் ஈரலே பலியானது என்று இதை வாசிக்கத் தோன்றுகிறது. ஆனால் அது சற்று மிகை. பிண்ணாக்கன்று, ஈரத்தில் கிடந்த பிண்ணாக்கே நஞ்சு. மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் படவிடாமல் பலகைமேல் அடுக்கும் கடைக்காரர் இந்த வரலாற்றை அறியாமலே அறிந்திருக்கிறார்.

கடைசிக் கட்டத்தை விரைந்து சொல்லலாம். நம் கண்முன் நடப்பது அது. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத் திட்டத்தில் நைல் திலாப்பியா மேம்படுத்தப்பட்டது. 'கிஃப்ட்' என்ற சுருக்கப்பெயரில் அது இந்தியாவுக்கும் வந்தது. ஊட்டத் தேவையில்லை என்பதற்காக 1952-இல் வந்த மீனின் நெருங்கிய உறவு, இம்முறை மிதக்கும் குருணைத் தீவனத்தோடு வந்தது. ஒரு கிலோ மீனுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தீவனம். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், கேரள அரசின் சுபிக்ஷ கேரளம் திட்டம் வந்தபோது தார்ப்பாய்த் தொட்டிகளில் 'பயோஃபிளாக்' முறை பரவியது. கழிவு அம்மோனியா தேங்கும் நீரில் வெல்லப்பாகு போன்ற இனிப்பைக் கரைத்து, நுண்ணுயிரிகளைப் பெருக்கி, அந்தத் திரளையே மீனுக்கு இரையாக்கும் முறை அது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சர்க்கரை காய்ச்சும் மறையூர் இங்கிருந்து தொலைவில் இல்லை. கரும்பாலைக்கருகில் நின்றபோது, மனிதர் வாங்கத் தயங்கும் விலையுள்ள பண்டத்தின் மலிந்த உறவினர் ஒருவர் மீன்தொட்டிக்குப் போய்க்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது.

கோட்பாட்டளவில் பயோஃபிளாக் என்பது பாசிப்பாட்டத்துக்குத் திரும்பும் முயற்சியே. நீரையே மீண்டும் விளையச் செய்கிறது. ஆனால் ஏரிக்குக் காற்று ஊத மின்விசிறி வேண்டியதில்லை. காற்றூதி சில மணி நேரம் நின்றால் தொட்டி நீரின் உயிர்வளி தீர்ந்துவிடும். கொழிஞ்சாம்பாறைக்கு வடக்கே நான் சந்தித்த இளைஞர் ஒருவர் ஒரே இரவு மின்தடையில் தொட்டி முழுவதையும் இழந்தவர். கடன் இன்னும் தீரவில்லை. தொட்டியில் இப்போது மழைநீர் நிற்கிறது. கொசு முட்டையிடாதிருக்க அதில் நான்கு ஜிலேபி விட்டிருக்கிறார். அவற்றுக்குத் தீவனம் போடுவதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2012-இல் கேரளக் கரையில் ஏறத்தாழ நான்கு லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-இல் 3,297 டன். கடல் வெப்பமும் காலநிலையும் இதில் முதன்மையான காரணங்கள். எல்லாப் பழியையும் தீவன ஆலையின்மேல் ஏற்றுவது நேர்மையன்று. ஆனால் வளராத மத்திக்குஞ்சுகள் டன்கணக்கில் மீன்தூள் ஆலைகளுக்குச் சென்றதும் உண்மை. அதைத் தடுக்கவே 2015-இல் கேரளம் மீன்களுக்குக் குறைந்தபட்சப் பிடிப்பு அளவை அறிவித்தது. மத்திக்குப் பத்து சென்டிமீட்டர். பாலக்காட்டுக் கணவாய் வழியே மாலையில் மத்தி வண்டி வரும். கூலிவேலை முடிந்து திரும்புவோர் வாங்கக்கூடிய மீன் அது ஒன்றே என்று அந்த மூதாட்டியே சொன்னார். அந்த மீன் அரைபட்டுக் குருணையாகி, அவர்களால் வாங்க முடியாத மீனுக்கு உணவாகும்போது, 'தீற்ற' என்ற சொல்லில் ஊட்டுபவர் யார் என்ற கேள்வி மீண்டும் எழுகிறது.

விடைபெறும்போது அந்த இளைஞர் மீந்துபோன மூட்டையொன்றைக் காட்டினார். "நீங்க எழுத்துப் படிச்சவங்கதானே அக்கா, இதப் படிச்சுச் சொல்லுங்க, என்ன மீனு உள்ள இருக்குன்னு" என்றார். புரதம் இத்தனை விழுக்காடு, கொழுப்பு இத்தனை, நார் இத்தனை, ஈரம் இத்தனை என்று அச்சிட்டிருந்தது. இருமுறை திருப்பிப் பார்த்தேன். மீனின் பெயர் எங்கும் இல்லை.